பொய்யைத் தட்டினால் பொய்தான் பதிவாகும்

"டெல்டாவில் நெல் கொள்முதல் பதிவெல்லாம் பிளாக்செயினில் ஏறிட்டா தில்லுமுல்லே நடக்காது" என்று ஒருவர் எழுதியிருப்பது பாதிதான் சரி. பிளாக்செயின் என்பது பதிவுகளை ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்து, பல கணினிகளில் நகல் வைக்கும் முறை. பதிந்ததைப் பிறகு திருத்தினால் அது காட்டிக்கொடுக்கும்; பதியும்போதே பொய்யா என்று அதற்குத் தெரியாது. மூட்டைக்கு 41 கிலோ பிடித்துவிட்டு 40 என்று தட்டினால், அந்த 40தான் அழியாமல் நிற்கும். தராசும் ஈரப்பத மீட்டரும் கை படாமல் நேரே பதிய வேண்டும், ரசீது அப்போதே விவசாயி கைக்கு வர வேண்டும். நகல்கள் எல்லாம் ஒரே அலுவலகத்தின் சர்வர்களில் இருந்தால் மொத்தச் சங்கிலியையும் திரும்ப எழுதிவிடலாம். அதற்குச் சாதாரண டேட்டாபேஸே போதுமே! ஆதார் எண்ணை ஹேஷ் பண்ணி, அதாவது நேரடியாகத் திருப்ப முடியாத ஒரு குறியீடாக மாற்றிப் போட்டால் பாதுகாப்பு என்பதும் தப்பு. 12 இலக்கம்தான், ஒவ்வொரு எண்ணாக ஹேஷ் பண்ணி ஒப்பிட்டுப் பார்த்தே கணினி கண்டுபிடித்துவிடும்.