அசெம்பிளா, பிராண்டடா? கொட்டேஷனைக் காட்டுங்கள், சொல்கிறேன்

"பிராண்டட் வாங்கட்டுமா, அசெம்பிள் பண்ணட்டுமா?" கம்ப்யூட்டர் வாங்க இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் இரண்டு வழிதான் இருப்பதாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நம் ஊரில் வழி மூன்று. கம்பெனி செட் ஒன்று. பார்ட்ஸ் வாங்கி நாமே மாட்டுவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில், கடைக்காரரிடம் பட்ஜெட்டைச் சொல்லிவிட்டு, அவர் மாட்டி வைத்ததை மறுநாள் போய் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவது. அசெம்பிள் செட் வைத்திருக்கிறேன் என்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த மூன்றாவது வகை. வெளிநாட்டு யூடியூபர்கள் போடும் வீடியோக்களில் இந்தக் கடைக்காரர் வரவே மாட்டார். நம் கதையில் அவர்தான் நாயகன், சில சமயம் வில்லன். அதனால் அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள்.

முதலில் ஒரு மூடநம்பிக்கையைக் கழித்துவிடலாம். பிராண்டட் என்றால் உள்ளே ஏதோ தனி ரகப் பொருள் இருக்கும் என்ற எண்ணம். டெல் கம்பெனி 2007 முதல் ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் மாட்டிக்கொண்டிருக்கிறது. கம்பெனி செட்டுக்குள் இருப்பதும் இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசஸர்தான். ரேமில் இருப்பதும் பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற அதே மூவரின் சிப்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட்ஸாக வாங்கினாலும் அதுதான். வித்தியாசமெல்லாம் விளம்பரத்தில் யாரும் போடாத இடத்தில் இருக்கிறது. எல்லாப் பார்ட்ஸையும் இணைக்கும் மதர்போர்டு, அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், அப்புறம் வாரண்டி.

அசெம்பிள் பண்ணினால் மலிவு என்பதும் பாதி உண்மைதான். அந்தக் கணக்கில் விண்டோஸை விட்டுவிடுகிறார்கள். கம்பெனி செட்டின் விலையில் பெரும்பாலும் ஒரிஜினல் விண்டோஸ் சேர்ந்தே வருகிறது. தனியாக வாங்கினால் அதுவே ஒரு நடுத்தர பிராசஸர் விலையை நெருங்கிவிடும். கடை செட்டில் "ஓஎஸ் ஃப்ரீ" என்றால் அது எப்படி ஃப்ரீ ஆனது என்று உங்களுக்கே தெரியும். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு திருட்டு விண்டோஸை ஒரிஜினல் மாதிரி காட்டும் ஏதோ ஒரு ஆக்டிவேட்டரை ஓடவிட்ட செட்டில் அடுத்தவருடைய பான் நம்பரையும் பேங்க் ஸ்டேட்மெண்டையும் வைத்து வேலை பார்க்கிற ஆடிட்டர் ஆபீஸ்கள் எத்தனையோ இருக்கின்றன. லினக்ஸ் போட்டுக்கொள்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் இந்தப் பதிவைப் படிக்கவும் மாட்டார்கள்.

என் மாமா ஒருவர் ஜிஎஸ்டி, வருமான வரி ஃபைலிங் செய்கிறார். டாலி, எக்செல், பிரவுசர், பிரிண்டர், அவ்வளவுதான் வேலை. அவருக்கு பிராண்டட்தான் சொன்னேன். "நீ மட்டும் அசெம்பிள் வச்சிருக்க, எனக்கு ஏன்டா கம்பெனி செட்டு?" என்றார். "இருபதாம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட வேண்டிய அன்னிக்கு செட் ஆன் ஆகலைன்னா, நீங்க கேபினெட்டைத் திறப்பீங்களா மாமா?" என்று கேட்டேன். "நான் ஏன்டா திறக்கணும்?" என்றார். அதோடு முடிவாகிவிட்டது.

எனக்கு இதுதான் முதல் கேள்வி, விலை அப்புறம். காகிதத்தில் பார்த்தால் வாரண்டியில் பார்ட்ஸ்தான் ஜெயிக்கும். பிராசஸருக்கு மூன்று வருடம், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஐந்து முதல் பத்து வருடம், ரேமுக்குப் பல பிராண்டுகளில் ஆயுள் முழுக்க. கம்பெனி செட்டுக்கு ஒரு வருடமோ மூன்று வருடமோதான். ஆனால் கம்பெனி செட்டின் ஆன்-சைட் வாரண்டியில், அதாவது ஆள் நம் இடத்துக்கே வந்து சரிசெய்யும் வாரண்டியில், நீங்கள் சொல்ல வேண்டியது "ஆன் ஆகலை" என்ற ஒரு வரிதான். பார்ட்ஸ் வாரண்டியில், எந்தப் பார்ட் போனது என்று முதலில் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். ரேமா, போர்டா, எஸ்எம்பிஎஸ்ஸா? மாற்றிப் போட்டுப் பார்க்கக் கையில் இன்னொரு ரேம் வேண்டும், இன்னொரு எஸ்எம்பிஎஸ் வேண்டும். கண்டுபிடித்த பிறகு அந்தந்த பிராண்டின் சர்வீஸ் சென்டருக்கு அதை அனுப்ப வேண்டும். அது திரும்பி வரும்வரை மேஜையில் வெறும் மானிட்டர். வீட்டில் இன்னொரு லேப்டாப் இருக்கிறவர் சமாளிப்பார். ஒரே கம்ப்யூட்டரை நம்பி ஜெராக்ஸ் கடை நடத்துகிறவர் என்ன செய்வார்?

சரி, அப்படியானால் எல்லோரும் பிராண்டட் வாங்கிவிடலாமே என்றால், கொஞ்சம் பொறுங்கள்.

தஞ்சாவூரில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவர், வாரண்டியை நம்பி பெரிய கம்பெனி ஒன்றின் ஆபீஸ் மாடல் டெஸ்க்டாப்பை வாங்கினார். நல்ல பிராசஸர்தான். போகப்போக 4கே வீடியோ வர ஆரம்பித்ததும் கிராபிக்ஸ் கார்டு தேவைப்பட்டது. மதர்போர்டு ஸ்லாட் ஒரு கார்டுக்குத் தரக்கூடிய மின்சாரம் 75 வாட். ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி மாதிரி 70 வாட்டில் ஓடும் கார்டு அதற்குள் அடங்கிவிடும். அவர் கேட்ட 4060க்கு 115 வாட் வேண்டும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் வேண்டும். அந்த செட்டில் அந்த வயரே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றலாம் என்று திறந்தால், மதர்போர்டில் வழக்கமான 24 பின் சாக்கெட் கிடையாது. அந்தக் கம்பெனிக்கென்றே செய்த குட்டி சாக்கெட். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவமும் வேறு. மதர்போர்டையே மாற்றலாமா என்றால் கேபினெட்டில் ஸ்க்ரூ துளை பொருந்தவில்லை. கடைசியில் பிராசஸரையும் எஸ்எஸ்டியையும் மட்டும் எடுத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் புதிதாக வாங்கினார். வாரண்டி அதோடு போயிற்று.

இதைக் கம்பெனிகளின் சதி என்று நான் சொல்லமாட்டேன். 12 வோல்ட் மட்டும் தரும் அந்த மாதிரி எஸ்எம்பிஎஸ் சும்மா இருக்கும் நேரத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும், இடமும் குறைவாக எடுக்கும். ஆயிரம் செட் வாங்குகிற பேங்குக்கு அது லாபம். அந்த ஆயிரம் செட்டிலும் யாரும் கிராபிக்ஸ் கார்டு போடப்போவதில்லை. எடிட்டிங், கேமிங், ஆட்டோகேட் என்று போகிறவர்கள் இந்த ஆபீஸ் மாடல்கள் பக்கமே போகக்கூடாது. கம்பெனிகளின் கேமிங் மாடல் வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். ஆனால் அந்த விலைக்கு, அதே கார்டோடு, ஒரு படி நல்ல போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் போட்டு மாட்டிவிட முடியும். ரேமும் ஒற்றை ஸ்டிக்காக இல்லாமல் இரண்டாக இருக்கும்.

இப்போது நம் கடைக்காரரிடம் வருகிறேன். எனக்கு வரும் கொட்டேஷன்களில் பாதி இப்படித்தான் இருக்கும்: "ஐ5 பிராசஸர், 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ், கேமிங் கேபினெட், 22 இன்ச் மானிட்டர், கீபோர்டு மவுஸ் ஃப்ரீ." இதில் ஒரு பொருளுக்காவது பெயர் இருக்கிறதா பாருங்கள்.

ஐ5 என்ற பெயர் 2009லிருந்து இருக்கிறது. 2011, 2012இல் வந்த ஐ5 பிராசஸரை, பெயர் தெரியாத கம்பெனி செய்த புத்தம் புது எச்61 போர்டில் (அந்தக் காலத்துப் பிராசஸர்களுக்கான ரகம்) மாட்டி, கலர் கலராக எரியும் ஃபேனோடு "கேமிங் பிசி" என்று இன்றைக்கும் விற்கிறார்கள். போர்டு புதிது, டப்பா புதிது, உள்ளே இருக்கும் பிராசஸருக்குப் பத்து வயதுக்கு மேல். இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறைக்குக் கீழே விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வ ஆதரவு கிடையாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஆக, காசு கொடுத்து வாங்கும் அன்றைக்கே அந்த செட்டுக்கு வயதாகிவிட்டது. பையன் காலேஜ் சேர்ந்திருக்கிறான் என்று ஆசை ஆசையாக வாங்கிக் கொடுக்கும் அப்பாக்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் இது.

புது தலைமுறையாகவே இருந்தாலும் முழு நம்பரைக் கேளுங்கள். இன்டெல் பிராசஸரின் பெயர் எஃப் என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் மானிட்டரில் படமே வராது. விலை குறைகிறதே என்று எஃப் போட்டுவிட்டு, அதற்காகவே ஒரு பழைய கார்டையும் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. இன்டெல்லின் டப்பாவோடு வரும் பாக்ஸ் பிராசஸரா, டப்பா இல்லாமல் மொத்தமாகப் போகும் டிரே பிராசஸரா என்றும் கேளுங்கள். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றில் வோல்டேஜ் கோளாறால் செட் நின்று நின்று போகும் பிரச்சினையை 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்ட மாடல்களை பாக்ஸாக வாங்கியவர்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்து ஐந்து ஆக்கியது. டிரே வாங்கியவர்களை, செட்டை விற்றவரிடமே போய்க் கேட்கச் சொல்லிவிட்டது. டிரேயில் மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்குப் பின்னால் இருக்கும் வித்தியாசம் அதுதான்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் வாட் கணக்கு மட்டும் பேசுகிற கடையை நம்பாதீர்கள். கையில் தூக்கினால் காற்று மாதிரி இருக்கும் டப்பாவின் மேல் 450 என்று அச்சடிக்க எந்தச் செலவும் இல்லை. 80 பிளஸ் முத்திரை இருக்கிற, பெயர் தெரிந்த பிராண்டு வாங்குங்கள். அந்த முத்திரை மின்சாரம் வீணாகாமல் இருப்பதைத்தான் சொல்கிறது, தரத்தை முழுதாகச் சொல்லாது. ஆனாலும் அதுகூட இல்லாததை இருநூறு முந்நூறு ரூபாய்க்காக வாங்கி, அதன் வாயில் முப்பதாயிரம் ரூபாய் கார்டை மாட்டுவது எந்த ஊர் சிக்கனம் என்று எனக்குப் புரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது, அசெம்பிள் செட் என்றாலே இப்படித்தான் என்று நிறைய பேர் சொல்வார்கள். அது அசெம்பிளின் குற்றம் பெரும்பாலும் இல்லை, உங்கள் வீட்டு எர்த் செய்யும் வேலை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் துளி மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பும். எர்த் இல்லாவிட்டால் அது கேபினெட்டில் தங்கி, தொடுகிறவர் விரலில் இறங்கும். கம்பெனி செட்டை அதே பிளக்கில் போட்டாலும் சுர்ரென்றுதான் இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள்.

எல்லாக் கடைக்காரரும் இப்படியா என்றால் இல்லவே இல்லை. நேர்மையான ஒருவர் அமைந்துவிட்டால் எந்தக் கஸ்டமர் கேரும் அவருக்கு ஈடில்லை. போர்டு போனால் தன் கடையிலிருந்து ஒன்றைத் தற்காலிகமாக மாட்டிக் கொடுத்துவிட்டு, நம் போர்டை அவரே சர்வீஸுக்கு அனுப்புவார். அப்படிப்பட்டவர், ஒவ்வொரு பார்ட்டின் மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் போட்டு ஜிஎஸ்டி பில் கேட்டால் முகம் சுளிக்கமாட்டார். "பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறையும் சார்" என்று ஆரம்பிக்கிறவரிடம் மவுஸ் பேட் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அப்புறம், காலி டப்பாக்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நாமே மாட்டுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பயப்படும் அளவுக்குக் கஷ்டமான வேலை இல்லை. பெரும்பாலான வயர்கள் ஒரு பக்கம்தான் உள்ளே போகும். பிராசஸர் சாக்கெட்டின் பின்களை வளைக்காமல் வைப்பதிலும், பவர் பட்டனின் குட்டி வயர்களைச் சரியான பின்னில் சொருகுவதிலும் மட்டும் நிதானம் வேண்டும். இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்கள் கையால் ஒருமுறை மாட்டட்டும் என்பேன். இன்னொரு லாபமும் உண்டு. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டில் 2017இல் முதல் ரைசன் பிராசஸர் போட்டவர்களில் பலர், போர்டுக்குள் இருக்கும் பயோஸ் மென்பொருளை மட்டும் அப்டேட் செய்துவிட்டு 2022இல் வந்த ரைசன் 5800எக்ஸ்3டி வரை அதே போர்டில் ஏற்றிக்கொண்டார்கள். மேலே சொன்ன ஆபீஸ் மாடல்களில் இது நடக்காது.

இவ்வளவு சொன்ன பிறகும், இப்போதைய நிலைமையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போகின்றன. குருஷியல் என்ற பெயரில் நமக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுக்கொண்டிருந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. மொத்தமாக ஒப்பந்தம் போட்டு ஸ்டாக் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளின் செட்டுகளில் இந்த ஏற்றம் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும். கிரிப்டோ மைனிங்கால் கிராபிக்ஸ் கார்டு கிடைக்காமல் திண்டாடிய 2021இலும் இதே கதைதான். கார்டைத் தனியாக வாங்குவதைவிடக் கார்டோடு வரும் முழு செட் சில சமயம் மலிவாக இருந்தது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ கரன்சி மைனிங்கைக் கைவிட்ட பிறகு கார்டுக்கான அந்த அடிதடி ஓய்ந்தது. அதனால் போன வருடத்து விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு என்னோடு சண்டைக்கு வராதீர்கள். வாங்குகிற வாரத்தில் இரண்டு பக்கமும் விலை கேளுங்கள். பழைய செட்டில் டிடிஆர்4 (முந்தைய தலைமுறை) ரேம் இருந்தால் அதை விற்காமல், அதற்கேற்ற போர்டும் பிராசஸரும் மட்டும் வாங்குவது இப்போதைக்குப் புத்திசாலித்தனம்.

டைப்பிங், ஆன்லைன் கிளாஸ் மட்டும்தான், கையில் காசும் குறைவு என்கிறவர்கள், ஆபீஸ்களில் கழித்துவிட்டதைச் சரிசெய்து விற்கும் ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப் பாருங்கள். 8ஆம் தலைமுறைக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

கொட்டேஷன் வைத்திருப்பவர்கள் கமெண்டில் போடுங்கள், நேரம் கிடைக்கும்போது பார்த்துச் சொல்கிறேன். மாடல் நம்பர் இல்லாமல் "ஐ5, 16 ஜிபி, நல்லா இருக்குமா ப்ரோ?" என்று கேட்டால் பதில் வராது.