அந்தப் பலகையை மறுபடியும் மாட்டுங்கள்

கடைப் பலகையில் எழுதின ஒரு துக்கச் செய்தியில் நாள் குழம்பிப்போய், ஓர் அம்மா எல்லாம் முடிந்த மறுநாள் சுடுகாட்டில் வந்து நின்றார். அதனால் யாங்கூனில் நம்ம தெருச் சாப்பாட்டுக் கடை முதலாளி, கல்லாவுக்கு எதிரே மாட்டியிருந்த செய்திப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். நம்ம ஆட்களின் இணையக் குழுவில் சிலர் அதற்குக் கைதட்டி எழுதியிருக்கிறார்கள். ஒரு பெரியவர், "தோசை சுடுறவன் தோசையை மட்டும் சுடட்டும்" என்று எழுதினார். அதற்கு இத்தனை பேர் விருப்பம் போட்டதைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பலகை தப்புப் பண்ணவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் துக்க வீட்டிலிருந்து போன் வந்தது. "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எடுக்கிறோம், ஏவே சுடுகாட்டுக்குப் போகுது" என்றார்கள். கடைத் தம்பி சொன்னதைச் சொன்னபடி எழுதினான். பலகையின் வலது மூலையில் அன்றைய தேதி இருந்தது. தினமும் கடை திறந்ததும் முதல் வேலையாக அதைத்தான் மாற்றுவார்கள். யாரோ ஒருவர் அந்தத் துக்கச் செய்தியை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்தார், மூலையில் இருந்த தேதி படத்தில் விழவில்லை. கரண்டு இல்லை, விபிஎன் பிடிக்கவில்லை, ஞாயிறு மத்தியானத்துக்குமேல்தான் படம் குழுவுக்குள் வந்தது. அப்போது அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. படத்தில் இருந்த "நாளை", படித்தவர்களுக்குத் திங்கட்கிழமை ஆகிவிட்டது. பெகுவிலிருந்து இறந்தவரின் தங்கச்சி, அந்த வயதில், திங்கள் காலையில் ஏவே சுடுகாட்டு வாசலில் வந்து நின்றார். அந்த அம்மாவின் கோபம் நியாயமான கோபம். அந்தக் குடும்பம் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் குழுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன மற்றவர்களுக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

இதில் திருத்த வேண்டியது ஒன்றுதான். பலகையில் "இன்று", "நாளை", "நாளை மறுநாள்" எழுதவே கூடாது. தேதியும் கிழமையும் இரண்டும் வேண்டும், அதுவும் மூலையில் அல்ல, அந்தந்தச் செய்திக்குள்ளேயே. தேதியைத் தவறாக எழுதினால் கிழமை காட்டிக்கொடுக்கும், கிழமையைத் தவறாக எழுதினால் தேதி காட்டிக்கொடுக்கும். பலகையை இனி யாரும் முழுசாகப் படம் எடுக்கப் போவதில்லை, வெட்டித்தான் எடுப்பார்கள். வெட்டின துண்டிலும் தேதி இருக்கிற மாதிரி எழுதினால் தீர்ந்தது. இரண்டு வார்த்தை கூடுதலாக எழுதினால் சரியாகிற விஷயத்துக்குப் பலகையையே கழற்ற வேண்டுமா?

துக்கச் செய்தி எழுதுவது சுலபம் என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நம்ம ஆட்களுக்கு இரண்டு பெயர். வீட்டில் முருகையா என்று வைத்துக்கொள்ளுங்கள், அடையாள அட்டையில் ஊ டின் மவுங். தமிழ்ப் பெயரை மட்டும் எழுதினால் கூட வேலை பார்த்தவர்களுக்கு யார் என்றே தெரியாது. பர்மியப் பெயரை மட்டும் எழுதினால் சொந்த அக்கா மகனே படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுவான். இரண்டையும் எழுத வேண்டும், வயதையும் எழுத வேண்டும், "இன்னாருடைய அப்பா" என்றும் போட வேண்டும். தமிழில் ஒரு வரி, பர்மியில் ஒரு வரி. இருபது வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. பெரியவர்களில் பலருக்கு அதற்கு நேர்மாறு, பர்மிய எழுத்து ஓடாது.

அடுத்தது விலாசம். பெரியவர்களுக்கு அது மொகல் தெரு, பிள்ளைகளுக்கு ஷ்வேபொந்தா. இரண்டையும் போட வேண்டும். நம்பர் போட்ட தெருவாக இருந்தால் மேல் பிளாக்கா, நடு பிளாக்கா, கீழ் பிளாக்கா என்று எழுதாவிட்டால் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அனோரத்தா ரோட்டுக்கும் மகாபந்துலா ரோட்டுக்கும் நடுவே வெயிலில் அலைய வேண்டியதுதான். எத்தனையாவது மாடி என்பதும் வேண்டும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஆறாவது மாடி என்றால் முட்டிவலிக்காரர்கள் மேலே ஏறாமல் கீழேயே நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

பிறகு நேரம். வீட்டில் எடுக்கிற நேரம் வேறு, சுடுகாட்டில் நம்ம முறை வருகிற நேரம் வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். டாலாக்காரர் பன்சோடான் துறைக்குப் படகில் வந்து இறங்க வேண்டும், தன்லியின்காரர் பாலம் தாண்டி வர வேண்டும். வீட்டுக்கு வர நேரமில்லாதவர் நேராகச் சுடுகாட்டுக்குப் போய்விடலாமா என்று முடிவு பண்ண அந்த இரண்டாவது நேரம்தான் உதவும். 2001-ல் தொடங்கின இலவச ஈமச்சடங்குச் சங்கத்தின் வண்டியைச் சொல்லியிருந்தால், வண்டி வருகிற நேரத்தைப் பொறுத்து எடுக்கிற நேரம் தள்ளிப் போகும். தள்ளிப் போனால் பழைய நேரத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். பழையதன்மேல் கோடு போட்டுப் பக்கத்தில் சின்னதாக எழுதக் கூடாது. தூரத்திலிருந்து படிக்கிறவர் கண்ணுக்கு கோடு தெரியாது, பெரிய எழுத்துதான் தெரியும். இதெல்லாம் அந்தக் கடைத் தம்பிக்கு மனப்பாடம். தோசை சுடுகிறவனுக்கு இவ்வளவு தெரிகிறது.

"கோயில்லதான் பலகை இருக்கே" என்கிறார்கள். இருக்கிறது. கோயில் உச்சிப் பொழுதில் நடை சாத்துகிறது, கடை விடிகாலையிலிருந்து ராத்திரி வரை திறந்திருக்கிறது. அதை விடுங்கள். கோயிலுக்கு யார் போவார்கள்? நம்ம வார்டில் இருக்கிற தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் கோயில் பலகையைப் படிக்க வருவார்களா? மாதா கோயிலுக்குப் போகிற தமிழ்க் குடும்பங்கள் வருவார்களா? தீட்டுக்காரர்கள் கோயில் வாசல் மிதிக்க மாட்டார்கள். துக்கச் செய்தி யாருக்கு முதலில் தெரிய வேண்டுமோ அந்தப் பங்காளி வீட்டார்தானே கோயிலுக்கு வராதவர்கள்! இட்லி வாங்க எல்லோரும் வருகிறார்கள். பார்சல் கட்டுகிற ஐந்து நிமிஷம் சும்மா நிற்கிறார்கள், அந்த ஐந்து நிமிஷத்தில் பலகையைப் படிக்கிறார்கள். இதற்கு ஈடான இடம் எந்தச் சங்கத்துக் கட்டடத்திலும் கிடையாது.

கோயில் கமிட்டிக்காரர்களுக்கு இதில் மனவருத்தம் இருப்பதும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். பீலிக்கான் கோயில் தீமிதி வரும்போது அச்சடித்த நோட்டீசில் பூக்குழி இறங்குகிற நாளைத்தான் பெரிசாகப் போடுகிறார்கள். காப்புக் கட்டுகிற நாள் அடியில் சின்ன எழுத்தில் கிடக்கும். காப்புக் கட்டாமல் பூக்குழி இறங்க முடியுமா? வெளியூரிலிருந்து வேண்டுதலோடு வந்தவர்கள் காப்பு முடிந்தபிறகு வந்து நின்று அழுதது நடக்கவில்லையா? கடைப் பலகையில் காப்பு நாள்தான் முதல் வரி, விரதம் எப்போது தொடங்க வேண்டும் என்பது இரண்டாவது வரி, வண்டி எங்கிருந்து எத்தனை மணிக்கு என்பது மூன்றாவது, திருவிழா நாள் கடைசியில். போகிறவனுக்கு எது முதலில் வேண்டும் என்று யோசித்து எழுதினது அது.

"ஃபேஸ்புக் இருக்கும்போது பலகை எதற்கு?" 2021 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கைத் தடுத்தார்கள், தடையைத் தாண்ட விபிஎன் போட்டு அது எப்படி நமக்குத் திறக்கிறது என்று கேட்டவருக்கே தெரியும். இதற்கு வேறு பதில் தேவையில்லை.

"வதந்தி பரவும்" என்கிறார்கள். பரவும், ஒத்துக்கொள்கிறேன், அதற்காகத்தான் முறை வேண்டும் என்கிறேன். செய்தி வந்த போனுக்கே திரும்பக் கூப்பிட்டுச் சரிபார்ப்பது போதாது, சொன்னவனேதான் மறுபடியும் எடுப்பான். அந்த வீட்டில் வேறொருவருடைய எண்ணில் கேட்க வேண்டும். "இறந்துட்டாராம்" என்று வருவதை எழுதவே கூடாது. வீட்டு ஆள் நேரில் சொன்னால் எழுதலாம். பண வசூலை எழுதவே கூடாது. போனில் பணம் அனுப்புகிற கேபே கணக்கு எண்ணை ஒருநாளும் பலகையில் போடக் கூடாது, ஒரு எண்ணை மாற்றி எழுதினால் யாருடைய பணம் யாருக்குப் போகும்? தொலைந்த அடையாள அட்டை கிடைத்தால் பெயரின் முதல் பாதியையும் ஊரையும் மட்டும் எழுத வேண்டும். எண்ணை எழுதக் கூடாது. கேட்டு வருகிறவர் எண்ணைச் சொல்லட்டும், சரியாகச் சொன்னால் கொடுக்கலாம்.

இரத்தம் கேட்டு எழுதும்போது வகையோடு பாசிட்டிவா நெகட்டிவா என்பதும், எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, எத்தனை மணிக்குள் என்பதும் இருக்க வேண்டும். நெகட்டிவ் வகை நம்ம பக்கத்தில் அரிது, அதைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். கிடைத்துவிட்டது என்று போன் வந்த உடனே அழித்துவிட வேண்டும். சாயங்காலம் வரை விட்டுவைத்தால் வேலையை விட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற பையன் அங்கே போய் "வேண்டாம்" என்று கேட்டுத் திரும்புவான். அடுத்த தடவை நிஜமாகவே தேவைப்படும்போது அவன் கிளம்ப மாட்டான்.

இன்னொருவர் எழுதியிருந்தார், வீட்டு விலாசமும் பிள்ளைகள் பெயரும் ஊர் பார்க்கத் தொங்குவது இந்தக் காலத்தில் நல்லதில்லை என்று. இது ஒன்றுதான் உண்மையான ஆட்சேபம். வாலிபப் பிள்ளைகளின் பெயரை, யார் எந்த ஊருக்குப் போயிருக்கிறான், எப்போது வருகிறான் என்பதை, எந்தக் காரணத்துக்காகவும் பலகையில் எழுதக் கூடாது. பாஸானவர்கள் பட்டியல்கூட வேண்டாம். வீட்டுப் போன் எண்ணுக்குப் பதிலாக "கல்லாவில் கேட்கவும்" என்று போட்டால் போதும், முதலாளிக்கு யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்று தெரியும். அதைச் சொன்னவருக்கு நன்றி. ஆனால் அவரும் கடைசியில் "எடுத்துட்டதே நல்லது" என்று முடித்திருந்தார், அதுதான் வலிக்கிறது.

2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்துவிட்டுப் போனபிறகு இந்தக் கடையில்தான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டோம், யார் வீட்டுக் கூரை போனது, எங்கே தண்ணீர் கிடைக்கிறது என்று. அப்போது பலகைகூட இல்லை, சுவரில் கரிக்கட்டையால் எழுதினார்கள். 2025 மார்ச் 28 மத்தியானம் 12:50-க்கு நிலம் ஆடினபிறகு மண்டலேக்கும் சகாயிங்குக்கும் போன் போகவில்லை. யாராவது ஒருவருக்கு லைன் கிடைத்தால் கடைக்கு ஓடி வந்து சொன்னார்கள்: இன்ன தெருவில் இன்ன குடும்பம் பத்திரம், வெளியில் படுத்திருக்கிறார்கள், எத்தனை மணிக்குப் பேசினது. நேரத்தையும் சேர்த்து எழுதினான் அந்தத் தம்பி. பின் அதிர்வு வந்துகொண்டே இருந்ததால் காலையில் பத்திரம் என்றால் ராத்திரியும் பத்திரம் என்று அர்த்தமில்லை, அது அவனுக்குத் தோன்றியிருக்கிறது. மண்டலேயில் மகளைக் கட்டிக்கொடுத்த ஓர் ஆத்தா அந்தப் பலகைக்குக் கீழேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். படிக்கத் தெரியாது. வருகிறவர்களை எல்லாம் "எம் புள்ள பேரு வந்திருக்கா பாரு ராசா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வந்தது. முதலாளி கல்லாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து அவரிடம் படித்துக் காட்டினார். இன்றைக்கு "தோசையை மட்டும் சுடட்டும்" என்று எழுதினீர்களே ஐயா, அன்றைக்கு உங்கள் வீட்டு ஆட்கள் பெயரும் அதில் இருந்தது.

அறுபதுகளில் நம்ம தமிழ்ப் பத்திரிகைகள் நின்றன. 1964-ல் அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டது, கப்பல் கப்பலாகச் சனம் இந்தியாவுக்குப் போனது. மிஞ்சினவர்களுக்கு யார் செத்தார், யார் பிழைத்தார் என்று சொல்ல எந்த ஏடு இருந்தது? டீக்கடையும் சாப்பாட்டுக் கடையும்தான். எச்சில் இலை எடுத்துக்கொண்டே செய்தி சொன்ன மனுஷர்கள் அவர்கள். ஒரு பைசா வாங்கினதில்லை. மார்க்கர் வாங்குகிற காசும் முதலாளியுடையது. அவரைப் பார்த்து அடுப்போடு நிற்கச் சொல்கிறோம்.

பலகையைத் திரும்ப மாட்டும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், முதலாளியும் இதைப் படிப்பார். கை கழுவுகிற தொட்டிப் பக்கம் வேண்டாம், தண்ணீர் தெறித்து எழுத்து கரைகிறது. தோசைக்கல் பக்கமும் வேண்டாம், எண்ணெய்ப் புகை படிந்தால் மை ஒட்டாது. வாசலைப் பார்த்த சுவர்தான் சரி, கரண்டு போனாலும் தெருவெளிச்சம் விழும். எழுத்து ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அப்போதுதான் பத்தடியில் நிற்கிறவர் படிப்பார். துக்கம், இரத்தம் இரண்டும் இடது பக்கம் மேலே. டியூஷன், வாடகை வீடு, கோயில் எல்லாம் வலது பக்கம். சாப்பாட்டு விலையை அதே பலகையில் எழுதவே வேண்டாம், பிரியாணி விலைக்கும் மரணச் செய்திக்கும் நடுவில் ஒரு கோடு மட்டும் இருப்பது பார்க்க நன்றாக இல்லை. அழியாத மார்க்கர் தவறுதலாகக் கலந்துவிட்டால் அதன்மேலேயே அழிகிற மார்க்கரால் எழுதி உடனே துடைத்தால் போய்விடும்.

அந்தக் குடும்பத்துக்குப் பதினாறாம் நாள் காரியம் வருகிறது. பெகுவில் இருக்கிற அந்த அம்மாவுக்கு இந்த முறை சரியாகத் தெரிய வேண்டும். துக்க வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், தேதி, கிழமை, இடம், சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதை ஒரு தாளில் எழுதிக் கல்லாவில் கொடுங்கள். போனில் சொல்ல வேண்டாம்.