முழுப் பணம் கொடுத்தால் சோர்ஸ் ஃபைலும் சொந்தமா?

"லோகோவுக்கு முழுப் பணமும் கொடுத்தாச்சு. பிஎஸ்டி, சிடிஆர் ஃபைலைத் தர மறுப்பது திருட்டு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. (பிஎஸ்டி ஃபோட்டோஷாப்பிலும், சிடிஆர் கோரல்டிராவிலும் திறந்து திருத்தக்கூடிய மூல ஃபைல்கள். இவற்றைத்தான் சோர்ஸ் ஃபைல் என்கிறார்கள்.) அந்தச் செய்தி தவறு. இதை நம்பி டிசைனர்களை மிரட்டுவது அநியாயம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17-ன்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் பொதுவாக அதை உருவாக்கியவரே. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் செய்தது என்றால் உரிமை நிறுவனத்துக்குப் போகும். ஃப்ரீலான்ஸர் ஊழியர் அல்ல. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம் போன்ற சிலவற்றில் மட்டும், காசு கொடுத்தவருக்கே உரிமை என்று சட்டமே விலக்கு தருகிறது, சரி. ஆனால் அது எல்லா டிசைனுக்கும் பொருந்தாது.

உரிமை கைமாற வேண்டுமென்றால், பிரிவு 19-ன்படி எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். ஜிபே ஸ்க்ரீன்ஷாட் போதாது. அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். லோகோ வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஃபைல் ஒப்படைப்பு வேறு விஷயம். கல்யாணப் பத்திரிகை அடிக்க பிடிஎஃப் போதும். லேயர்கள் (டிசைனின் அடுக்குகள்) ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாக உள்ள சிடிஆர் வேண்டுமென்றால் முன்கூட்டியே பேசி, கொட்டேஷனில் எழுத வேண்டும். ஃபைல் கிடைத்தாலும் அதிலுள்ள ஃபான்ட்டின் லைசென்ஸ் கூடவே வராது.

கொட்டேஷனில் "சோர்ஸ் ஃபைல் உட்பட" என்று எழுதிக் கொடுத்த டிசைனர், பணம் வந்ததும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.