தலையை எண்ண விசா எதற்கு?

குடும்ப வாட்ஸப் குரூப்பில் போன வாரம் சண்டை. ஆரம்பித்து வைத்தவன் நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன் மகன். சட்டப்படி அனுமதி இல்லாமல் தங்கியிருப்பவர்களை அமெரிக்க சென்சஸில் எண்ணவே கூடாதாம். "திருட்டுத்தனமா வந்தவனுக்குக் கணக்கு எதுக்கு சித்தப்பா?" என்கிறான். (அவனே இன்னும் எச்1பி விசாவில்தான் இருக்கிறான். 2020 சென்சஸில் அவனையும் எண்ணித்தான் இருக்கிறார்கள்.)

அவன் சொல்வதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட மாட்டேன். அங்கே பிரதிநிதிகள் சபையில் இருப்பது 435 இடம்தான். பத்து வருடத்துக்கு ஒருமுறை தலையை எண்ணி மாநிலங்களுக்குப் பங்கு போடுகிறார்கள். ஆவணமில்லாதவர்கள் நிறைய இருக்கும் மாநிலத்துக்கு ஓரிடம் கூடினால் இன்னொரு மாநிலத்துக்குக் குறையும். மற்ற மாநிலங்கள் அளவுக்கு ஜனத்தொகை கூடாததால் 1967 தேர்தலில் 41 எம்.பி. தொகுதி 39 ஆகிப்போன ஊர்க்காரர்கள் நாம். நமக்கு இந்த வலி புரியும்.

ஆனால் 1868இல் வந்த அவர்களுடைய 14ஆவது சட்டத் திருத்தம், பங்கு போடும் இடத்தில் 'குடிமக்கள்' என்று சொல்லவில்லை, 'ஆட்கள்' என்றுதான் சொல்கிறது. டிரம்ப் 2020இல் ஆவணமில்லாதவர்களை அந்தக் கணக்கிலிருந்து கழிக்கப் பார்த்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், இப்போதே தீர்ப்புச் சொல்ல முடியாது என்று திரும்பியது. பைடன் பதவியேற்ற அன்றே அந்த உத்தரவை ரத்து செய்தார். 2025 ஆகஸ்டில் டிரம்ப் மறுபடியும் அதே பேச்சை எடுத்தார்.

சரி, எனக்கு இதில் என்ன வந்தது? 2011 பிப்ரவரியில் எனக்கு சென்சஸ் டியூட்டி. புழல் பக்கம் இலங்கைத் தமிழர் முகாமில் ஒரு வரிசை வீடுகள். அகதிகளுக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் கிடையாது. குடியுரிமைச் சட்டப்படி பார்த்தால் அவர்களில் பலரும் 'சட்டவிரோதக் குடியேறி'தான். ஒரு வீட்டில் பாட்டிக்குப் பிறந்த இடம் மன்னார் என்று எழுதினேன். பேத்திக்கு நம் திருவள்ளூர் மாவட்டம். பாட்டி என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்களைத் திருப்பி அனுப்புற கணக்கோ தம்பி?"

இல்லை அம்மா, 1948 சென்சஸ் சட்டப்படி இதில் எழுதுவதை யாருக்கும் காட்டக்கூடாது, கோர்ட்டில் சாட்சியாகக்கூட வைக்க முடியாது என்று விளக்கினேன். தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியாது. எண்ணுகிறவனும் பிடிக்கிறவனும் ஒரே ஆள் என்ற பயம் வந்துவிட்டால் எந்த வீட்டுக் கதவும் திறக்காது, இது களத்துக்குப் போனவனுக்குத் தெரியும். பயமும் வெறும் பிரமை இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் எந்தத் தெருவில் எத்தனை பேர் என்ற விவரம் அமெரிக்க ராணுவத்துக்கு சென்சஸ் துறையிலிருந்துதான் போனது.

அண்ணன் மகன் அடுத்து ஓட்டைப் பற்றிக் கேட்டான். ஓட்டில்லாதவனை எண்ணித் தொகுதி கொடுப்பது மோசடி இல்லையா? இங்கேதான் நானும் கொஞ்சம் திணறினேன். ஏனென்றால் அது பக்கத்திலேயே நடந்திருக்கிறது. இலங்கையில் 1948இல், தோட்ட வேலைக்காக இங்கிருந்து போன குடும்பங்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரின் குடியுரிமை பறிபோனது, பின்னாலேயே ஓட்டும் போனது. தொகுதி பிரிக்கும்போது மட்டும் அந்த லட்சக்கணக்கான தலைகள் கணக்கில் இருந்தன. அவர்கள் தலையைக் காட்டி வாங்கிய இடங்களில் வேறு யார் யாரோ போய் உட்கார்ந்தார்கள்.

அதனால் எண்ணாமலே விட்டிருக்கலாமா? அக்கிரமம் ஓட்டைப் பிடுங்கியதில்தான் இருக்கிறது. 1964இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சம் அப்புறம் என்று பிரித்தபோது, அந்த ஜனங்களைக் கேட்கவில்லை. ஆனாலும் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையாவது இரண்டு அரசும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எண்ணாமல் விட்டவர்களைப் பற்றி யார் ஒப்பந்தம் போடுவார்கள்?

தண்ணீர் லாரி ரேஷன் கார்டைப் பார்த்தா வருகிறது? தெருவில் எத்தனை குடம் நிற்கிறதோ அத்தனைக்கும் தண்ணீர் வேண்டும்.

நான் ரிட்டையர் ஆகிவிட்டேன். 2027 பிப்ரவரியில் ஆட்களை எண்ணும் முறை என் மகளுக்கு வரலாம், அவளும் டீச்சர்தான். அப்படி வந்தால் ஒன்றுதான் சொல்லி அனுப்புவேன்: முகாமுக்கோ கட்டட வேலைக்காரர்கள் தங்கும் ஷெட்டுக்கோ போனால், துணைக்கு வருகிறேன் என்று காக்கிச் சட்டை வந்தாலும் கூட்டிக்கொண்டு போகாதே.