7.30 மணி வரை குழந்தைக்கு என்ன கொடுப்பது?

இரண்டு வயதுக் குழந்தைக்குப் பசி வந்தால் வந்ததுதான். அது கடிகாரம் பார்த்தா வரும்? ரோமில் பல உணவகங்கள் மதியம் 3 மணிக்குள் அடுப்பை அணைத்தால், மறுபடி 7.30 மணிக்குத்தான் பற்றவைக்கிறார்கள். என் மகள் அந்நேரம் தூங்கிவிடுகிறவள். அவள் கண்ணைக் கசக்கும்போதுதான் அங்கே மேசை விரிப்பே போடுகிறார்கள்.

ரோமின் டிராஸ்டெவெரே பகுதியில் மூன்று கடை ஏறி இறங்கினோம். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், பூண்டு வதங்கும் வாசனை வருகிறது. ஆனால், "ஏழரைக்கு வாருங்கள்." ஒரு கிண்ணம் பாஸ்தாவை வெண்ணெய் போட்டுக் கிளறித் தர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? குழந்தை வீறிட்டு அழுவது காதில் விழவில்லையா? கடைசியில் தெரு ஓரம் உட்கார்ந்து துண்டு பீட்சாவை ஊதி ஊதிக் கொடுத்தேன். தக்காளியை எல்லாம் என் சட்டையில் துடைத்துவிட்டு, ஓரத்து ரொட்டியை மட்டும் மென்றாள். இதுவா ராச்சாப்பாடு?

சரி, தூங்கவாவது வைக்கலாம் என்றால் அந்தக் கருங்கல் பாவிய தெருக்கள்! கல்லுக்குக் கல் இடைவெளி. அரை மணி நேரம் தட்டித் தூங்கவைத்தவள், ஸ்ட்ரோலரின் முன்சக்கரம் ஒரு இடுக்கில் மாட்டியதும் பதறி எழுந்துவிட்டாள்.

அப்புறம் வெனிஸ். 400 பாலத்துக்கும் மேல், பெரும்பாலானவற்றில் படிக்கட்டு. முன்பக்கம் என் கணவர், பின்பக்கம் நான், ஸ்ட்ரோலரைப் பல்லக்கு மாதிரி தூக்கித் தூக்கி இடுப்பே விட்டுப்போனது. ஆறாவது பாலத்தில் மூச்சு வாங்கி நிற்கிறேன், "அம்மா, மம்மு" என்கிறாள். மணி 5.45.