அமுக்காதீங்கடா எழுத்தை!

"அமுக்கிட்டேண்ணா, கெத்தா இருக்கு பாருங்க"ன்றான் கடைத் தம்பி, பேனர் எழுத்தைப் பக்கவாட்டுல நெருக்கிட்டு.

தண்டையார்பேட்டையில எந்த பிளெக்ஸ் கடையில ஏறினாலும் இதே டயலாக்தான், உங்களுக்குத் தெரியாததா. அக்கா பையனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். சீர் தட்டுலேர்ந்து வாசல் வாழைமரம் வரைக்கும் என் தலையில. பேனர்ல பேராவது நாலு பேர் படிக்கிறாப்ல இருக்கணும்னு நெனச்சது ஒரு குத்தமா?

மேல இங்கிலீஷ்ல வெல்கம், இம்பேக்ட் ஃபான்ட்ல. சும்மா சொல்லக்கூடாது, ஜம்முனு இருந்துச்சு. இருக்காதா பின்னே? விளம்பரத் தலைப்புக்குன்னே ஜெஃப்ரி லீன்ற டிசைனர் வரைஞ்சு, 1965-ல ஈய அச்சா வந்த எழுத்து அது. தடிக் குச்சி, உள்ள கீறலாட்டம் இடைவெளி, சின்ன எழுத்துகூட பெரிய எழுத்தை எட்டிப் பிடிக்கிற உயரம். ஒவ்வொண்ணையும் ஒடுக்கமா வரைஞ்சிருக்கான்யா. மௌஸால இழுக்கல.

நம்ம தம்பி? கீழ தமிழுக்கு இடம் பத்தல. எப்படிப் பத்தும், பாதி பேனர்ல மச்சானுங்களும் அவங்க கூலிங் கிளாஸும். வரியோட ஓரத்தைப் புடிச்சான், உள்ள தள்ளினான். நிக்கிற கோடெல்லாம் இளைச்சுப் போச்சு, படுத்த கோடு மட்டும் அதே தடியில கெடக்கு. "என்னப்பா இது, நோஞ்சானா இருக்கு?" "போல்டு பண்ணிடலாம்ண்ணா." சுத்தி ஒரு அவுட்லைன். சுழியெல்லாம் அடைஞ்சு போச்சு. புள்ளி எழுத்து மேலயே ஒட்டிக்கிச்சு. இன்னும் பத்தலையாம், மறுபடி தள்ளினான். மறுபடி அவுட்லைன். அதுக்கு வெளிய வெள்ளையில ஒண்ணு. அதுக்கும் வெளிய சிவப்புல ஒண்ணு. அப்புறம் நிழல். எவனோ மீம்ல பார்த்த வியாதி.

"ரெண்டு வரியா உடைச்சுடேன் தம்பி."

"அப்போ ஒரு மச்சானைத் தூக்கணும்ண்ணா, யாரைத் தூக்க?"

யாரைத் தூக்க! மாமாவோட தம்பிங்கடா அதுங்க. ஒருத்தனைத் தூக்கினா பந்தியில இலை பறக்கும்.

இங்கிலீஷ் எழுத்து நின்னுக்கினே பஸ்ல போவும். நம்ம ஞ, ண எல்லாம் காலை நீட்டி உக்கார்ற ஜாதி. ஒடுக்கணும்னா சுழி எங்க வளையணும், கோடு எங்க மெலியணும்னு புதுசா வரையணும். அந்த மாதிரி தமிழ் ஃபான்ட் நாலு வாங்கி வைக்கக் கூடாதா? மெஷின் மட்டும் லட்சக்கணக்குல வாங்கத் தெரியுது.

என் பேரு கண்ணன். அமுக்கினா என்ன மிஞ்சும் சொல்லுங்க. மண்டப வாசல்ல பெரியம்மா கண்ணாடியை ஏத்தி இறக்கிப் பார்த்துட்டு, அக்காவைத் தனியா கூப்ட்டு கேக்குது: "ஏண்டி, மாமன் பேரை ஏன் அடிச்சு வுட்டிருக்கீங்க? எதுனா சண்டையா?"

சிரிச்சுட்டேன். வேற என்ன பண்றது.

அது கெடக்கட்டும். அந்த மண்டபத்துக்காரன், கரண்டே போகாத நாளுக்கு ஜெனரேட்டர் டீசல்னு தனியா பில்லு போட்டு நீட்றான்யா! இதை யார்கிட்ட போய் சொல்ல?