ஆளுக்குப் பாதி கொடுத்தா நடுநிலை ஆகிடுமா?

தோள்சீலைப் போராட்டம்னு, அதாவது சாணார் (இன்றைய நாடார்) பெண்கள் மேலாடை உரிமைக்கு நடந்த போராட்டம்னு பேச்செடுத்தாலே நம்ம குமரி மாவட்டத்துல ரெண்டு அணி. ஒரு அணி சாமுவேல் மாட்டீரைத் தூக்கிட்டு வரும், இன்னொண்ணு நாகம் அய்யாவை. மாட்டீர் லண்டன் மிஷன்காரர், திருவிதாங்கூரைப் பற்றின அவர் புத்தகம் 1871-ல வந்தது. நாகம் அய்யா திருவிதாங்கூர் அரசு அதிகாரி. 1906-ல வந்த அவரோட 'திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல்' மூணு தொகுதியும் அரசுக்காகவே எழுதினது. ஒருத்தருக்குப் பின்னால சபை, இன்னொருத்தருக்குப் பின்னால அரண்மனை. விக்கிப்பீடியா மாதிரி ஒரு கலைக்களஞ்சியம் இதைச் சொல்லித்தான் ஆகணும், ரெண்டு பேருக்கும் ஒரே அளவுல. ஒருத்தர் "மிஷனரி பிரச்சாரகர்", மற்றவர் வெறும் "வரலாற்றாசிரியர்"னு முதல் வரியிலேயே போட்டா அங்கேயே தராசு சாய்ஞ்சாச்சு. கீழே நாலு பக்கம் நியாயமா எழுதியும் பிரயோஜனமில்ல. முக்கால்வாசிப் பேர் முதல் பத்தியைத் தாண்ட மாட்டாங்க.

இதைவிட நைசான வேலை, பாதி மேற்கோள். 1859 திருவிதாங்கூர் அரச அறிவிப்பையே எடுத்துக்கிடுங்க. சாணார் பெண்கள் குப்பாயம் (ரவிக்கை மாதிரி சட்டை) போடலாம், மீனவச் சாதியான முக்குவப் பெண்கள் மாதிரி முரட்டுத்துணி சுத்திக்கலாம், எப்படி வேணும்னாலும் மார்பை மறைக்கலாம், ஆனா உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. இந்தக் கடைசித் துண்டை வெட்டிட்டா மன்னர் தாராள மனசுக்காரர். அதை மட்டும் வச்சா எதுவுமே கிடைக்கலன்னு ஆகும். அடிக்குறிப்பு ரெண்டுக்கும் ஒண்ணுதான், பொய்யும் கிடையாது!

"அப்போ ரெண்டு தரப்புக்கும் சரிபாதி இடம் கொடுத்துடலாமே"ம்பாங்க. அதுவும் தப்பு. யூதப் படுகொலையை மறுத்த டேவிட் இர்விங், தன்னை அப்படி எழுதின டெபோரா லிப்ஸ்டாட் மேலயும் பெங்குயின் பதிப்பகத்து மேலயும் லண்டன்ல அவதூறு வழக்குப் போட்டார். 2000-ல நீதிபதி கிரே வழக்கைத் தள்ளினதோட, இர்விங் ஆதாரங்களை வேணும்னே திரிச்சார்னு தீர்ப்புலயே எழுதினார். அதுக்கப்புறமும் "சிலர் இவரை மறுப்பாளர் என்கின்றனர்"னு எழுதினா அது நடுநிலை இல்ல, பயம். விக்கிப்பீடியா விதியும் சரிபாதி கேக்கல. நம்பகமான நூல்கள்ல ஒரு கருத்துக்கு எவ்வளவு கனம் இருக்கோ அவ்வளவு இடம், அம்புட்டுதான்.

சந்தேகம் வந்தா கட்டுரையோட திருத்த வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, சண்டைக்குரிய வரி எந்தத் தேதியில நுழைஞ்சுதுன்னு பாருங்க. ஆதாரமாக் காட்டின செய்தி அதுக்குப் பிந்தினதா இருந்தா, நிருபர் அங்கிருந்தே எடுத்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. கட்டுரை செய்தியைக் காட்டும், செய்தி கட்டுரையைக் காட்டும், செக்குமாடுதான். ஒரு எழுத்தாளரைப் பற்றின கட்டுரையில "விமர்சனங்கள்"ங்கிற பகுதி அவரோட நூல்களைப் பற்றிய பகுதியைவிட நீளமா இருந்தா, அங்க ஒரு அணி குடியேறிடுச்சுன்னு சந்தேகப்படலாம்.

திருத்தப் போறவங்க எடுத்ததும் அழிக்காதீங்க. ஆசிரியர், பதிப்பாண்டு, பக்க எண் மூணையும் முதல்ல கட்டுரையோட உரையாடல் பக்கத்துல வைங்க. ஆங்கில விக்கிப்பீடியாவுல ஒரே பக்கத்துல அடுத்தவங்க திருத்தத்தை 24 மணி நேரத்துல மூணு தடவைக்கு மேல பழையபடி மாத்தினா பெரும்பாலும் தடை விழும், நியாயம் உங்க பக்கமே இருந்தாலும்.